புகைபோக்கி இல்லாத தொழிற்சாலை

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு மாணவன்)



நமது சங்க ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் கேட்டபோது முதலில் பயந்தேன். கவிதை எழுத எனக்கு வராது. கதையும் வராது. "உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா, போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது எங்கள் ஊரும், எங்கப்பா வேலை பார்க்கிற கட்டடமும், நாம் வகுப்பில் படித்த கொஞ்சம் கணக்கும்தான். அந்த மூன்றையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பிழை இருந்தால் மட்டும் பொறுக்காதீர்கள், வந்து சொல்லுங்கள்.

முன்னுரை

எங்கள் ஊர் கேளம்பாக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டலூர் ரோடு வந்து சேருகிற இடம். என் தாத்தா இங்குள்ள உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு வாரியவர். எங்கப்பா எட்டாவது வரை படித்தார். இப்போது ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் ஆபரேட்டர். பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

அப்பாவுக்கு நைட் டூட்டி என்றால் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. மோட்டார் ரூமில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருப்பேன். ஒரு நாள் மோட்டார் ஓடுகிற சத்தத்தில் பேசக்கூட முடியவில்லை. "ஏம்ப்பா, இவ்ளோ சத்தம் போடுதே, இந்த பில்டிங் ஒரு நாளைக்கு எவ்ளோ கரண்ட் குடிக்கும்?" என்று கத்திக் கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே, "கரண்டு படிக்கிறவன் நீயா நானா? நீ கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகத் தொடங்கியதுதான் இந்தக் கணக்கு. கரண்டோடு நிற்காமல் புகைக்கும் போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலை என்றால் புகைபோக்கி இருக்கும், பார்த்தால் தெரியும். அடுக்குமாடிக்குப் புகைபோக்கி கிடையாது. ஆனால் புகை உண்டு. அது எண்ணூரிலும் நெய்வேலியிலும் லாரியின் வாலிலும் வெளியே வருகிறது. அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

மூன்று எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

சூரியன் பூமியைச் சூடாக்குகிறது. சூடான பூமி அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி விடுகிறது. கரியமில வாயு, மீத்தேன், ஏசி மெஷினில் இருக்கிற கேஸ் போன்றவை அந்தக் கதிரைப் பிடித்துக்கொள்கின்றன. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் உள்ளே எப்படிக் கொதிக்கிறதோ, கிட்டத்தட்ட அப்படி. ஆகவேதான் இவற்றுக்குப் பசுமைக்குடில் வாயுக்கள் என்று பெயர்.

எரிபொருளில் உள்ள கார்பனின் அணு எடை 12. அது காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 ஆகிவிடுகிறது. ஒரு கிலோ எரிபொருளிலிருந்து மூன்று கிலோ வாயு எப்படி வருகிறது என்று நான் முதலில் குழம்பினேன். காரணம் இந்த 12, 32, 44 கணக்குதான்.

கட்டுரை முழுக்க இந்த மூன்று எண்கள்தான் வரும்:

1 யூனிட் மின்சாரம் = சுமார் 0.7 கிலோ கரியமில வாயு
1 லிட்டர் டீசல் = சுமார் 2.7 கிலோ
14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று = சுமார் 42 கிலோ

முதல் எண்ணுக்கு ஒரு விளக்கம். நிலக்கரி அனல் மின் நிலையத்தில் மட்டும் பார்த்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வரும். கல்பாக்கம் அணுமின், முப்பந்தல் காற்றாலை, நீர்மின், சூரிய மின் எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருவதால் இந்தியச் சராசரி 0.7 அளவுக்கு இறங்குகிறது.

கணக்குக்கு ஒரு கட்டடம்

அப்பா வேலை செய்யும் கட்டடத்தின் பெயரையோ பில்லையோ நான் இங்கே போடப்போவதில்லை. நம் சாலையில் நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை நிற்கிற கட்டடங்களைப்போல ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். 15 மாடி, 400 வீடு, வீட்டுக்கு 4 பேர், மொத்தம் 1,600 பேர். கீழே நான் எடுத்துக்கொண்ட அளவுகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் பக்கத்துக் கட்டடத்தின் அளவைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம். முறை ஒன்றுதான்.

சத்தம் போடுவது வேறு, தின்பது வேறு

முதலில் அப்பாவின் மோட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டில் வழக்கமாக எடுக்கும் அளவு. 1,600 பேருக்கு 2,16,000 லிட்டர், அதாவது 216 கிலோலிட்டர். சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை உராய்வு இழப்பையும் சேர்த்து 50 மீட்டர் என்று வைப்போம்.

ஒரு கிலோலிட்டரின் நிறை 1,000 கிலோ. வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 1,000 × 9.81 × 50 = 4,90,500 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் 0.136 யூனிட். பம்ப்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 45 சதவீதம் என்றால் 0.30 யூனிட். 216 கிலோலிட்டருக்கு நாளொன்றுக்கு 65 யூனிட்.

ஊரே கேட்கிற மாதிரி உறுமுகிற மோட்டாருக்கு வெறும் 65 யூனிட்!

இப்போது பேஸ்மென்ட்டுக்கு வாருங்கள். கார் நிற்கும் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. விளக்கு 200 என்று வைப்போம். 4 கிலோவாட். இருட்டான இடம் என்பதால் பகல், இரவு என்று பார்க்காமல் 24 மணி நேரமும் எரிகிறது. 4 × 24 = 96 யூனிட். ஒரு சத்தமும் போடாத விளக்கு மோட்டாரைவிட ஒன்றரை மடங்கு தின்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு பூனை தவிர யாரும் இல்லை.

மற்றவை: மாடி நடைபாதைகளில் 12 வாட் விளக்கு 400, இரவு 12 மணி நேரம் எரிந்தால் 58 யூனிட். 8 லிஃப்ட், ஒன்றுக்கு 15 யூனிட் வீதம் 120. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதுகிற புளோயர், 10 எச்.பி., 20 மணி நேரம் ஓடினால் 149 யூனிட்.

எல்லாம் கூட்டினால் நாளொன்றுக்கு 488 யூனிட். வருடத்துக்கு ஏறத்தாழ 1.78 லட்சம் யூனிட். கரியமில வாயு 125 டன். 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் அடுக்குமாடிகளின் பொதுச் சேவைக்கென்று யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தது. அந்த விலையிலேயே பார்த்தாலும் வருடத்துக்கு 14 லட்ச ரூபாய்க்கு மேல். டன் கணக்கு சொன்னால் கேட்காத குடியிருப்போர் சங்கம் ரூபாய்க் கணக்கு சொன்னால் கேட்கும் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

லாரித் தண்ணீர்

2019 கோடையை நம் சாலையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் பகுதியில் அன்றைக்கு மட்டும் அல்ல, மற்ற வருடங்களிலும் பெரிய குடியிருப்புகள் டேங்கர் லாரியை நம்பியே இருக்கின்றன.

தேவையில் பாதி, 108 கிலோலிட்டர், லாரியில் வருகிறது என்று வைப்போம். 12,000 லிட்டர் லாரி என்றால் நாளைக்கு 9 லோடு. ஒரு லோடுக்குப் போக வர 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 10 லிட்டர் டீசல், 27 கிலோ கரியமில வாயு. 9 லோடுக்கு 243 கிலோ. வருடத்துக்கு 89 டன்.

இதை ஒரு கிலோலிட்டருக்குப் பிரித்துப் பாருங்கள். 15 மாடி ஏற்ற 0.30 யூனிட், அதாவது 0.21 கிலோ. லாரியில் கொண்டுவர 2.25 கிலோ. பத்து மடங்குக்கும் மேல்! தண்ணீர் மேலே ஏறுவதைவிட வாசலுக்கு வருவதற்குத்தான் அதிகப் புகை.

நம் ஊருக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நிலையமும், 2024-ல் 15 கோடி லிட்டர் நிலையமும் திறக்கப்பட்டன. எதிர் சவ்வூடுபரவல் முறையில் ஒரு கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை செலவாகும். 3.5 என்று எடுத்தால் 2.45 கிலோ கரியமில வாயு. ஆக, கிணற்றிலிருந்து லாரியில் வருகிற தண்ணீரும் கடலிலிருந்து பிழிந்து எடுத்த தண்ணீரும் புகைக் கணக்கில் ஏறத்தாழ ஒரே விலை. என் தாத்தா வெயிலையும் காற்றையும் வைத்துக் கடல்நீரிலிருந்து உப்பை எடுத்தார், ஒரு யூனிட் செலவில்லை. அதே கடலிலிருந்து உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை எடுக்க நமக்கு இவ்வளவு கரண்ட் வேண்டியிருக்கிறது.

மூடிக் கிடக்கும் ஒரு வால்வு

ஆளுக்கு 135 லிட்டர் என்றேன் அல்லவா? அதில் 45 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, கழிவறை ஃபிளஷ்ஷுக்கு என்பது அந்தக் கணக்கிலேயே உள்ள அளவு. சுத்திகரித்த கழிவுநீரை ஃபிளஷ்ஷுக்கு விட்டால் 72 கிலோலிட்டர் மிச்சம். 9 லாரியில் 6 லாரி வரவே வேண்டாம்! வருடத்துக்கு 59 டன் மிச்சம்.

நான் பார்த்த கட்டடத்தில் இதற்காகவே இரண்டாவது பைப் லைன் போட்டிருக்கிறார்கள். ஆனால் வால்வு மூடிக் கிடக்கிறது. எப்போதோ ஒரு முறை வாடை வந்திருக்கிறது, புகார் வந்திருக்கிறது, மூடிவிட்டார்கள். ஃபிளஷ்ஷுக்கும் லாரித் தண்ணீர்தான் போகிறது. சுத்திகரித்த தண்ணீர் தோட்டத்துக்குப் போக மீதி கால்வாயில் விழுகிறது. புளோயர் மட்டும் இரவும் பகலும் ஓடுகிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யவும் செலவு, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வாங்கவும் செலவு.

"ஏம்ப்பா வாடை வந்துச்சு?" என்று அப்பாவிடம் கேட்டேன். "கரண்ட் பில் ஏறுதுன்னு புளோயரைப் பாதி நேரம் நிறுத்தச் சொன்னாங்க. காத்து போகலன்னா நாறாம என்ன பண்ணும்?" என்றார். எட்டாவது படித்தவர் சொன்னது உயிரியல் பாடப்படி முழுக்கச் சரி. ஆக்சிஜன் இல்லாவிட்டால் வேறு வகை பாக்டீரியா வேலைக்கு வரும், மீத்தேன் வெளிவரும். நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். ஆகவே புளோயரை நிறுத்தி மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல.

வீட்டுக் கதவுக்கு உள்ளே

இதுவரை பார்த்தது கதவுக்கு வெளியே. உள்ளே போனால்தான் பெரிய எண் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 250 யூனிட் என்று வைத்தாலும் 400 வீட்டுக்கு வருடம் 12 லட்சம் யூனிட், 840 டன். சிலிண்டர் வீட்டுக்கு வருடம் 8 என்றால் 3,200 சிலிண்டர், 134 டன்.

இங்கே ஏசியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் ஃபேனில் தொடங்குகிறேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. வீட்டுக்கு 3 ஃபேன், தினம் 10 மணி நேரம் என்றால் 1,200 ஃபேனில் மிச்சமாவது 1,200 × 45 வாட் × 10 மணி = 540 யூனிட். பொதுச் சேவை மொத்தமே 488 யூனிட்தான்! லிஃப்ட், மோட்டார், விளக்கு, புளோயர் அத்தனையும் நிறுத்தினால் கிடைப்பதைவிட ஃபேனை மாற்றினால் கிடைப்பது அதிகம். சிறு துளி பெரு வெள்ளம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏசியில் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மின் திறன் செயலகம் சொல்கிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி வந்ததும் இதனால்தான். 18-ல் வைத்துப் போர்வை போர்த்துவது குளிருக்குச் செலவு செய்து பிறகு சூட்டுக்குச் செலவு செய்வது.

புஸ் என்ற ஒரு சத்தம்

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஏசி மெக்கானிக் அண்ணன் ஒருவருக்கு ஹெல்பராகப் போனேன். ஒன்பதாவது மாடியில் ஒரு பழைய ஏசியைக் கழற்றி வேறு வீட்டில் மாட்ட வேண்டும். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் ஸ்பானரை என் கையில் கொடுத்து, "அந்த நட்டை லூஸ் பண்ணு தம்பி, முகத்தைத் தள்ளி வச்சுக்க" என்றார். திருப்பினேன். புஸ்ஸென்று வெள்ளையாகப் பனிபோல வெளியே வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சாயங்காலம் 300 ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

அந்த மெஷினின் வெளி யூனிட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆர்-22, ஏறத்தாழ ஒரு கிலோ. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும், அதனால் 1987 மாண்ட்ரீல் ஒப்பந்தத்தின் கீழ் அதைப் படிப்படியாக ஒழிக்கிறார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். அதோடு அதற்கு இன்னொரு குணமும் உண்டு. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-22 என்பது 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இந்தக் கட்டுரைக்காகக் கணக்குப் போட்டபோது எங்கள் வீட்டுக்கும் போட்டேன். நாங்கள் ஐந்து பேர். 2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அம்மாவுக்கு 100 தான் லட்சுமணன் கோடு. வருடத்துக்கு 600 யூனிட், 420 கிலோ. சிலிண்டர் 5, அது 210 கிலோ. மொத்தம் 630 கிலோ. அதாவது, ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் திட்டி, டிவியை ஒன்பது மணிக்கு நிறுத்தி, என் அம்மா ஒரு வருடம் காப்பாற்றிக் கொண்டுவரும் கணக்கு 630 கிலோ. நான் ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டது 1,810 கிலோ. எங்கள் வீட்டின் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

நண்பர்களே, நம்மில் பலர் லீவில் ஏசி வேலைக்குப் போகிறோம். நாளைக்கு அதுவே தொழிலாகவும் ஆகலாம். ஆகவே இந்த முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். பம்ப் டவுன் என்று பெயர். மெஷினை ஓடவிட்டு, முதலில் சிறிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கம்ப்ரஸர் மீதி கேஸை இழுத்து வெளி யூனிட்டுக்குள் அடைத்துக்கொள்ளும். கேஜில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது பெரிய பைப்பின் வால்வையும் மூடி உடனே கரண்டை நிறுத்த வேண்டும். சில நிமிட வேலை. கேஸ் அப்படியே இருக்கும், அடுத்த வீட்டில் புதிதாக நிரப்புகிற செலவும் மிச்சம். கம்ப்ரஸர் பழுது என்றால் ரிகவரி மெஷினால் சிலிண்டரில் பிடிக்க வேண்டும், காற்றில் விடக்கூடாது.

புதிய மெஷின்களில் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 இருக்கிறது. இவை ஓசோனைக் கெடுக்காது. ஆனால் சூடேற்றும். முதலாவது 2,088 மடங்கு, இரண்டாவது 675 மடங்கு. இவற்றையும் குறைக்கத்தான் 2016-ல் கிகாலி ஒப்பந்தம் வந்தது, 2021-ல் இந்தியா அதை ஏற்றது. நம் 400 வீட்டுக் கட்டடத்தில் வருடத்துக்கு 20 கிலோ ஆர்-410ஏ கசிந்தால் 42 டன். ஒரு மீட்டரிலும் ஏறாத, ஒரு பில்லிலும் வராத 42 டன்.

மொத்தக் கணக்கு

ஒரு வருடத்துக்கு, டன்னில்:

வீடுகளின் மின்சாரம் – 840
சமையல் கேஸ் – 134
பொதுச் சேவை மின்சாரம் – 125
தண்ணீர் லாரி – 89
ஏசி கேஸ் கசிவு – 42
ஜெனரேட்டர், 5,000 லிட்டர் டீசல் – 14
மொத்தம் – 1,244 டன்

வீட்டுக்கு ஏறத்தாழ 3.1 டன். ஆளுக்கு 0.78 டன். எங்கள் வீட்டில் ஆளுக்கு 0.13 டன். ஆறு பங்கு வித்தியாசம். இதைச் சொல்லி அங்கே இருப்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டடத்திலிருந்து வரும் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். மே மாதத்தில் ஓடு போட்ட வீட்டில் தங்கை பரீட்சைக்குப் படிக்கும்போது எனக்கும் ஒரு ஏசி வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. வேலைக்குப் போனால் வாங்கவும் வாங்குவேன். நம்மைப்போல லட்சம் வீடுகள் வாங்கும். ஆகவே ஏசியே வேண்டாம் என்று பேசிப் பயனில்லை. எந்த ஏசி, எந்தச் சுவர், எந்த வால்வு என்பதுதான் பேச்சு.

கட்டும்போதே ஏறிய கடன்

சிவில் நண்பர்களுக்காக ஒரு பத்தி. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது 100 கிலோ கல்லில் 56 கிலோ சுண்ணாம்பு நிற்க, 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. எரிபொருள் புகை இதற்கு மேல். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்ற உங்கள் மேஸ்திரிக் கணக்கை எடுத்துக்கொண்டு, 1,200 சதுர அடி வீடு 400 என்றால் 9,600 டன் சிமெண்டும் 1,920 டன் கம்பியும் ஆகும். டன்னுக்கு முறையே 0.65, 2.5 டன் என்று பெருக்கினால் சுமார் 11,000 டன். முதல் விளக்கு எரிவதற்கு முன்பே ஒன்பது வருடப் புகை! இருக்கிற கட்டடத்தை இடிக்காமல் நன்றாக ஓட்டுவதே பெரிய புண்ணியம்.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்?

நியூயார்க் நகரில் 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2009 முதல் சீர்திருத்த வேலை செய்தார்கள். சுமார் 6,500 ஜன்னல்களைக் கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பட்டறை வைத்துப் புதுப்பித்து மாட்டினார்கள். மற்ற வேலைகளும் சேர்ந்து எரிசக்தியில் 38 சதவீதம் குறைப்பது அவர்கள் திட்டம். 2019-ல் அதே நகரம் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு வருடாந்தரப் புகை வரம்பு வைத்துச் சட்டம் போட்டது, 2024-லிருந்து வரம்பு நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டமும், 2018-ல் குடியிருப்புக் கட்டடங்களுக்கென்று எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித் தொகுப்பும் வந்தன. கூரை தவிர்த்த வெளிச்சுவர், ஜன்னல் வழியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையாதபடி கட்டச் சொல்கிறது அது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு ஏசியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுத் தேவைக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். உயரமான கட்டடத்தில் கூரை சிறிதுதான். இருந்தாலும் 5,000 சதுர அடி கிடைத்தால் 50 கிலோவாட் வைக்கலாம். நாளைக்கு 200 யூனிட். பொதுச் சேவையில் ஐந்தில் இரண்டு பங்கு.

நாம் செய்யக் கூடியவை

1. பேஸ்மென்ட் விளக்கில் பாதியை ஆள் வந்தால் எரியும் சென்சாரில் மாற்றலாம். நாளைக்கு 40 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.
2. மேல் தொட்டிக்கு ஃப்ளோட் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மணிக்கு 20 கிலோலிட்டர் தள்ளும் மோட்டார் பத்து நிமிடம் வழிந்தால், அது லாரித் தண்ணீர் என்றால், 8 கிலோ புகை வழிந்தது என்று அர்த்தம்.
3. புளோயரை ஒழுங்காக ஓட்டி, தண்ணீரைப் பரிசோதித்து, ஃபிளஷ் வால்வைத் திறக்க வேண்டும்.
4. கெட்டுப்போன ஃபேனுக்குக் காயில் கட்டுவதற்கு முன் மின்சிக்கன ஃபேனின் கணக்கை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.
5. ஏசி கேஸை ஒருபோதும் காற்றில் விடக்கூடாது.

இந்த ஐந்தையும் பாருங்கள். எதற்கும் மந்திரியோ விஞ்ஞானியோ வேண்டாம். எலெக்ட்ரீஷியன், பிளம்பர், மெக்கானிக், ஆபரேட்டர், சூப்பர்வைசர். அதாவது நாம். 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அந்த வருடம் நமக்கெல்லாம் அறுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். நம் வேலைக்காலம் முழுக்க இந்தக் கணக்குக்குள்தான் போகப்போகிறது.

முடிவுரை

கணக்கை முடித்து மோட்டார் ரூமில் அப்பாவிடம் காட்டினேன். மோட்டார் 65 யூனிட்தான் என்றதும் அவருக்கு ஆச்சரியம். "நான் இதைத்தான் பெரிய திருடன்னு நெனச்சிருந்தேன்" என்றார். ஆறு லாரி என்ற இடத்தில் விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு, "இதை நல்ல தமிழ்ல எழுதிக் குடுடா. மேனேஜர் கிட்ட நான் வாயால சொன்னா கேக்க மாட்டாரு. அச்சுல இருந்தா கேப்பாரு" என்றார்.

இந்தக் கட்டுரையை அவருக்காகவும் சேர்த்துத்தான் எழுதினேன். மலர் கைக்கு வந்ததும் ஒரு பிரதியை மோட்டார் ரூம் லாக் புத்தகத்துக்குள் வைத்துவிடுவார். வால்வு திறந்ததா இல்லையா என்பதை அடுத்த வருடம் என் ஜூனியர் யாராவது வந்து பார்த்து எழுதட்டும்.